மீன் அமிலம் நாறும், நஞ்சு மணக்கும்: காருக்குள் இருக்கும் காற்று பற்றி ஒரு பாடம்

மண்ணைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் படிக்கிற இடத்தில் இந்த ஆள் காரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் கீரைக்கட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவது காரில்தான். இல்லையென்றால் குட்டி யானையில். பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதே வண்டியில்தான். தட்டில் நஞ்சு கூடாது என்கிற நாம், அந்த இரும்புக் கூண்டுக்குள் மூச்சாக எதை இழுக்கிறோம் என்று பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு கேன் மீன் அமிலம்.

போன வருடம் மாசி மாதத்தில் புதுக் கார் ஒன்று வாங்கினேன். இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. நண்பர் ஒருவருக்குக் கொடுப்பதற்காக ஐந்து லிட்டர் கேனில் மீன் அமிலம் ஊற்றி, மூடியை நன்றாக இறுக்கி, டிக்கியில் வைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மீன் அமிலம் செய்தவர்களுக்குத் தெரியும், அது புளித்துக்கொண்டே இருக்கிற சாமான், காற்று விட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் நின்ற வண்டிக்குள் கேன் உப்பி, மூடி எகிறி, டிக்கி விரிப்பு முழுக்க மீன் அமிலம். நான்கு நாள் கழுவினேன். வாடை போகவில்லை. "ஏனுங்க, இந்த வண்டியில இனி நான் ஏற மாட்டனுங்க" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். உடனே கடைக்குப் போய், டேஷ்போர்டில் ஒட்டுகிற வாசனை ஜெல் ஒன்றும், கண்ணாடியில் தொங்குகிற சென்ட் அட்டை ஒன்றும் வாங்கி மாட்டினேன். வண்டி மல்லிகைப்பூ மாதிரி மணந்தது.

அந்த வாரம்தான் கோடை விடுமுறைக்கு மகளும் பேரனும் வந்தார்கள். கோயம்புத்தூரில் ஏற்றிக்கொண்டு கோபி பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு வந்தோம். அவிநாசி தாண்டியதுமே பையன் "அப்பிச்சி, தலை வலிக்குது" என்றான். அப்புறம் வாந்தி. தோட்டத்துக்கு வருவதற்குள் நெஞ்சில் விசில் சத்தம். அவனுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. ஆனால் அப்படி ஒரு இழுப்பை நான் பார்த்ததில்லை. நேராக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நெபுலைசர் வைத்து மூச்சு சமனான பிறகு மருத்துவர் கேட்டார், "வண்டியில என்னங்க வச்சிருந்தீங்க?" நான் மீன் அமிலக் கதையைச் சொல்லி, எல்லாம் அதனால்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "புது வண்டியா? சென்ட் வச்சிருக்கீங்களா?" என்றார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். "இந்த மூணுல எது கிளப்புச்சுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா மீன் வாடை பத்து நாள்ல போயிரும். மத்த ரெண்டும் தினமும் உங்களோட வர்றது. அதைப் பாருங்க" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு இது. படித்ததில் உறுதியானதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் கணக்கு

படிக்க ஆரம்பித்த வேகத்தில் நானும் ஒரு தப்பு செய்தேன். ஏசி போட்டதும் காருக்குள் பென்சீன் கிளம்பிப் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். "அனுமதிக்கப்பட்ட பென்சீன் அளவு ஒரு சதுர அடிக்கு 50 மில்லிகிராம், வெயிலில் நிறுத்திய காரில் 2,000 முதல் 4,000 மில்லிகிராம்" என்று அதில் இருக்கும். நம் உழவர் குழுவில் அதை அப்படியே போட்டேன். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் நம் குழுவில் இருக்கிறார். "சார், காற்றை யாராவது சதுர அடியில் அளப்பாங்களா?" என்று ஒரே வரி பதில் போட்டார். 35 வருடம் பேங்கில் கணக்குப் பார்த்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

உண்மைதான். தரையைத்தான் சதுர அடியில் அளப்போம். காற்றை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். சின்னக் காரின் உள்பகுதி சுமார் 3 கன மீட்டர். அதில் 4,000 மில்லிகிராம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 1,300க்கும் மேல். ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஒரு புதுக் காரையும், மூன்று வருடம் ஓடிய ஒரு காரையும் விளக்கு வெப்பத்தில் 65 டிகிரி வரை சூடாக்கி உள்ளே இருந்த காற்றை அளந்து, 2007ல் வெளியிட்டார்கள். புதுக் காரில் எல்லா கரிம ஆவிகளும் சேர்த்தே கன மீட்டருக்கு 10.9 மில்லிகிராம்தான். பழைய காரில் 1.2. பென்சீன் அதற்குள் ஒரு சிறு பங்கு. வாட்ஸ்அப் கணக்கு நூறு மடங்குக்கு மேல் ஊதிய கணக்கு.

அப்படியானால் பயமே இல்லையா? அதுவும் இல்லை. அதே ஆய்வில், அந்தக் காற்றால் பெரிய நச்சுத்தன்மை தெரியவில்லை என்றாலும், புதுக் காரின் காற்று ஒவ்வாமையைத் தூண்டுகிற எதிர்வினையைக் கொஞ்சம் கூட்டியது என்று கண்டார்கள். ஒவ்வாமை உடம்புக்காரர்கள் கவனிக்க வேண்டிய வரி அது. என் பேரனை நினைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நஞ்சைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவர்கள் நாம். நாம் சொல்கிற ஒரு கணக்கு பொய் என்று தெரிந்துவிட்டால், அடுத்து நாம் சொல்லும் பத்து உண்மையையும் மருந்துக் கடைக்காரர் சிரித்தே தள்ளிவிடுவார். அதனால் அளவோடு பேசுவோம்.

காற்றின் வரவு செலவு

பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர் காற்று. கார் அதில் பத்தில் ஒரு பங்கு. அதில் நான்கைந்து பேர் உட்காருகிறோம், கண்ணாடியையும் ஏற்றிவிடுகிறோம். அறையில் தெரியாத ஒரு துளி ஆவி இங்கே பத்து மடங்காகத் தெரியும்.

கணக்கு எளிது. நஞ்சு உள்ளே வருவது வரவு, வெளியே போவது செலவு. வரவைக் குறைக்க வேண்டும், செலவைக் கூட்ட வேண்டும். வரவு நான்கு வழியில் வருகிறது: வண்டியின் உடம்பிலிருந்து, சாலையிலிருந்து, சொந்த எஞ்சினிலிருந்து, நாம் ஏற்றுகிற சாமானிலிருந்து. செலவுக்கு இருக்கிற வழி கண்ணாடி, கதவு, வெளிக்காற்றுப் பொத்தான்.

ஒன்று: வண்டியின் உடம்பு

"புது வண்டி வாசனை" என்று ஆசையாக மோந்து பார்க்கிறோமே, அது பிளாஸ்டிக், ரெக்சின், சீட் பஞ்சு, தரை விரிப்பு, ஒட்டுப் பசை, பெயின்ட் எல்லாம் விடுகிற ஆவி. அதில் பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, பென்சீன், டொலுவீன், சைலீன், ஸ்டைரீன் எல்லாம் உண்டு. பார்மால்டிஹைடை நமக்கு வேறு பெயரில் தெரியும். அதைத் தண்ணீரில் கரைத்தால் பார்மலின். மீன் கெடாமல் இருக்க அதைத் தெளிக்கிறார்கள் என்று கொஞ்ச வருடம் முன்னால் ஊரே பேசியது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இழுப்பு எல்லாம் தரும். பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

சீனா 2011ல் பயணிகள் காருக்குள் இருக்கலாம் என்று எட்டு ஆவிகளுக்கு அளவு குறித்தது. பார்மால்டிஹைடு கன மீட்டருக்கு 0.10 மில்லிகிராம், பென்சீன் 0.11, அசிட்டால்டிஹைடு 0.05. 2023ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு புதுக் காரை 12 நாள் வெட்டவெளியில் நிறுத்தி அளந்தார்கள். பார்மால்டிஹைடு அந்த அளவைச் சுமார் 35 சதவீதமும், அசிட்டால்டிஹைடு சுமார் 60 சதவீதமும் தாண்டிய நேரங்கள் இருந்தன. வண்டியின் உள்பக்கம் சூடாகச் சூடாக ஆவி கூடியது. கடைசியில் எல்லாம் சூட்டில்தான் வந்து நிற்கிறது.

அதை நானே பார்க்க நினைத்தேன். கம்போஸ்ட் குவியலில் குத்திப் பார்க்க ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன். சித்திரை நடுப்பகலில், வெளியே நிழலில் 38 டிகிரி இருந்தபோது, வண்டியைக் களத்து வெயிலில் நிறுத்தி வெப்பமானியைச் சீட்டில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 49. மறுநாள் அதே நேரத்தில் புளியமரத்தடியில் நிறுத்தினேன். 40. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018ல் வெளியிட்ட கணக்கும் இதே பக்கம்தான்: வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி, நிழலில் நின்றால் உள்ளே சுமார் 38, டேஷ்போர்டு 48. நம் கம்போஸ்ட் குவியல் நன்றாகச் சூடேறினால் 60, 65 வரும். டேஷ்போர்டு அதையும் தாண்டுகிறது. அந்தச் சூட்டில்தான் நான் வாசனை ஜெல்லை ஒட்டி வைத்திருந்தேன்.

கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தால் சூடு அடங்கும் என்று பலர் நினைக்கிறோம். பெரிதாகக் குறையாது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஏறுகிற சூட்டில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். இதை வைத்து ஒரு எச்சரிக்கை: "உரக்கடை வரைக்கும்தானே, ஐந்து நிமிடம்" என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஆவிக்கு முன்னால் சூடே உயிரை எடுத்துவிடும்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த ஆவிகளில் பெரும்பாலானவை முதல் சில மாதங்களில் அதிகமாக வந்து, பிறகு குறைந்துகொண்டே போகும். மியூனிக் ஆய்வில் பழைய காரின் அளவு புதுக் காரில் ஒன்பதில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள்.

அப்படிச் சீக்கிரம் குறையாதது ஒன்றும் இருக்கிறது. சீட் பஞ்சில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் வந்த ஒரு தீ விதிக்காக இதைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 அல்லது அதற்குப் பிந்தைய மாடலான 101 கார்களை 30 மாநிலங்களில் பரிசோதித்து 2024ல் வெளியிட்டார்கள். 99 சதவீத கார்களின் காற்றில் இந்த வகை ரசாயனம் ஒன்று இருந்தது. புற்றுநோய் தரக்கூடியவை என்று கலிபோர்னியா பட்டியலிட்ட வேறு இரண்டும் பெரும்பாலான கார்களில் இருந்தன. கோடையில் அளவு கூடியது. சீட்டிலிருந்து கிளம்பும் இது தூசியிலும் ஒட்டும். குழந்தை கையை வாயில் வைக்கும்போது அந்தத் தூசியும் உள்ளே போகும். ஆகவே ஈரத்துணியால் துடைப்பதும், இறங்கியதும் கை கழுவுவதும் இங்கே மருந்து.

இரண்டு: சாலைப் புகை

முன்னால் போகிற லாரியின் புகை நம் வண்டியின் காற்றுத் துவாரம் வழியாக நேராக உள்ளே வருகிறது. டீசல் புகையை 2012ல் அதே புற்றுநோய் முகமை முதல் பிரிவில் சேர்த்தது. ஏசி பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், காருக்குள்ளேயே அம்பு வளைந்து திரும்புகிற படம் போட்டிருக்கும். அது உள்காற்றையே சுற்ற விடும். புகை கக்கும் லாரிக்குப் பின்னால், சிக்னலில், செங்கல் சூளை பக்கம் போகும்போது அதைப் போடலாம்.

ஆனால் அதைப் போட்டபடியே ஊர் போய்ச் சேரக் கூடாது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நான்கு பேர் மூச்சு விடுகிற மூடிய காரில் அது சீக்கிரமே 2,000ஐத் தாண்டும். தலை பாரம், கொட்டாவி, தூக்கம். ஓட்டுபவருக்கு அது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டிலிருந்து வரும் ஆவியும் வெளியேறாமல் சேரும். புகை தாண்டியதும் பொத்தானை மாற்றி வெளிக்காற்றை விடுங்கள்.

பல பேருக்குத் தெரியாத இன்னொரு சாமான், காற்று வடிகட்டி. பெரும்பாலான கார்களில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. நம் மண் தடத்தில் ஓடுகிற வண்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். என் வண்டியில் திறந்து பார்த்தபோது ஒரு கைப்பிடி செம்மண்ணும் வேப்பஞ்சருகும் இருந்தது. சாதா வடிகட்டி தூசியை மட்டும் பிடிக்கும். கிளர்வூட்டிய கரி வைத்த வடிகட்டி ஆவியையும் ஓரளவு பிடிக்கும். அந்தக் கரியைத் தேங்காய்த் தொட்டியிலிருந்தும் செய்கிறார்கள், நம் கொங்குப் பக்கத்திலேயே அந்தத் தொழில் உண்டு. அடுப்புக் கரியைத் துணியில் கட்டி வைத்தால் வாடை கொஞ்சம் குறையலாம், ஆனால் அது வடிகட்டிக்கு ஈடாகாது.

மூன்று: சொந்த எஞ்சின்

இதுவரை சொன்னவை மெல்லக் கொல்பவை. இது உடனே கொல்வது. எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தின் சிவப்பணுவில் பிராணவாயு உட்காருகிற இடத்தை 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறக்கம், குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை.

சைலன்சரில் ஓட்டை, அடிப்பலகையில் துரு ஓட்டை, நின்ற வண்டியில் ஓடும் எஞ்சின், மூடிய ஷெட் என்று இதில் இரண்டு சேர்ந்தாலே ஆபத்து. காய் ஏற்றிக்கொண்டு போகிற நம் ஓட்டுநர் தம்பிகள் ஒட்டன்சத்திரம், மேட்டுப்பாளையம், கோயம்பேடு என்று சந்தை வாசலில் இரவு காத்திருக்கிறார்கள். கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குகிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்: எஞ்சினை அணை, கண்ணாடியை இறக்கு, கொசுவலையைக் கட்டு. காலையில் வாடகை கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான்கு: நாம் ஏற்றுகிற சாமான்

இந்தப் பகுதியில் நான் குற்றவாளி.

களைவெட்டும் மிஷினுக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் எப்போதும் என் டிக்கியில்தான் கிடக்கும். இன்றைய பி.எஸ். 6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். சின்னக் காரில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு அட்டைதான். மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த ஆவி நேராகப் பின்சீட்டுக் குழந்தைக்குத்தான் போகும். தீ பயம் வேறு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ரசாயன விவசாயம் செய்பவர், நல்ல மனிதர். "சார், டவுனுக்குத்தான போறீங்க, எனக்கு ஒரு லிட்டர் மருந்து வாங்கிட்டு வந்துருங்க" என்பார். நானும் பல தடவை வாங்கி வந்திருக்கிறேன். நஞ்சில்லாக் காய் என்று எழுதிய அதே கூடைகளுக்குப் பக்கத்தில் வைத்து. பூச்சிக்கொல்லியை உணவுப் பொருளோ மாட்டுத் தீவனமோ தொடும்படி கொண்டுபோகவோ வைக்கவோ கூடாது என்று 1971ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்ளும் நான் அந்த விதியைப் படித்தது அறுபது வயதுக்கு மேல்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கு, ஆப்பிள், பேரிக்காய் விளைகிற ஊர். அங்கே விவசாயத் தொழிலாளர்களின் வீட்டுத் தூசியையும் வண்டித் தூசியையும் சேகரித்துச் சோதித்த ஆய்வு 2002ல் வந்தது. அசின்பாஸ் மெத்தில் என்ற பூச்சிக்கொல்லி 85 சதவீத வீட்டுத் தூசியிலும் 87 சதவீத வண்டித் தூசியிலும் இருந்தது. அந்த வகை மருந்துகளின் சிதைவுப் பொருள் குழந்தைகளின் சிறுநீரிலும் இருந்தது. மருந்து தோட்டத்தில் அடித்தது. செருப்பிலும் சட்டையிலும் ஏறி வண்டிக்கு வந்து, வண்டியிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கிறது. மருந்தடிக்கும் தோட்டத்து ஆட்களை நாம் வண்டியில் ஏற்றி இறக்குகிறோமே, நம் வண்டித் தூசியை யாராவது சோதித்தால் என்ன வரும்?

வாசனைப் பொருளையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக்குச் சேர்க்கும் லிமோனீன் காற்றிலிருக்கும் ஓசோனோடு சேர்ந்து பார்மால்டிஹைடாகவே மாறக்கூடியது. பூச்சி வராமல் இருக்கப் போடும் நாப்தலீன் உருண்டை புற்றுநோய் தரக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. வண்டிக்குள் பீடி, சிகரெட் பிடித்தால் பென்சீனும் பார்மால்டிஹைடும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றாகவே வந்துவிடும்.

மூக்கை நம்பி இதில் கணக்குப் போட முடியாது. மீன் அமிலம் ஊரைக் கூட்டும், ஆனால் அதைப் பயிருக்கு ஊற்றிக் காய் பறிக்கிறோம். சென்ட் மணக்கும், அதை மூச்சாக இழுக்கிறோம். கார்பன் மோனாக்சைடு எதுவுமே சொல்லாது.

இனி செய்ய வேண்டியவை

1. நிழலில் நிறுத்துங்கள். களத்து ஓரம் வேம்போ புங்கனோ இருந்தால் அதுதான் உங்கள் கார் ஷெட். மரம் இல்லையென்றால் இந்த ஐப்பசியில் ஒன்று நடுங்கள். அதுவரை முன் கண்ணாடிக்கு மறைப்பு போடுங்கள்.

2. வெயிலில் நின்ற வண்டியில் உடனே ஏறாதீர்கள். நான்கு கதவையும் திறந்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கண்ணாடியை இறக்கி, வெளிக்காற்றுப் பொத்தானில் கொஞ்ச தூரம் ஓட்டி, பிறகு ஏற்றுங்கள்.

3. புது வண்டி என்றால் சீட்டின் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கிழித்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் கண்ணாடியைத் திறந்தே அதிகம் ஓட்டுங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் உள்காற்றுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பார், பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் மேலிடத்துக்குப் போகும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ல் நின்றது. கேட்டவர்கள் இருந்ததால்தான் நின்றது.

4. ஜெல், சென்ட் அட்டை, நாப்தலீன் உருண்டை எதுவும் வேண்டாம். வாடை வந்தால் விரிப்பைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். என் டிக்கி விரிப்பு மூன்றாவது வெயிலில் சரியானது.

5. மாதம் ஒரு முறை டேஷ்போர்டு, சீட்டை ஈரத்துணியால் துடையுங்கள். பளபளப்புக்கு ஸ்பிரே அடிக்க வேண்டாம். காற்று வடிகட்டியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள், வருடம் ஒரு முறை மாற்றுங்கள்.

6. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எதையும் ஆள் உட்காரும் வண்டியில் ஏற்றாதீர்கள், யாருக்காகவும். பெட்ரோல் கேன் திறந்த வண்டியில் வரட்டும். மருந்து சிந்திவிட்டால் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து, கையுறையோடு அள்ளுங்கள். விரிப்பைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

7. பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எல்லாம் திறந்த வண்டியில், கேனில் கால் பங்கு காலியாக விட்டு, மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

8. சைலன்சர் சத்தம் மாறினால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின் ஓடும் வண்டிக்குள் தூங்கவே கூடாது.

9. தலைவலியோ கிறக்கமோ வண்டிக்குள் வந்து, இறங்கி நின்றால் சரியாகிறது என்றால், காரணம் வண்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்கு மருந்து வாங்கிவர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான். இரண்டு வாரம் பேசவில்லை. போன மாதம் வந்து, "ஏனுங்க சார், அந்தத் தூசி விசயம் நெசமுங்களா?" என்று கேட்டார். யாக்கிமா கதையைச் சொன்னேன். தன் மகளைத் தினமும் பைக் டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவதாகவும், மருந்துப் பையை மாட்டுவதும் அதே டேங்கில்தான் என்றும் சொன்னார். வேறு எதுவும் பேசாமல் போய்விட்டார். மருந்தை விட்டுவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. பையை மாட்டும் இடத்தை மாற்றியிருக்கிறார், பார்த்தேன்.

பேரன் காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்தான். இழுப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. வழியில் வாந்தியும் இல்லை, விசில் சத்தமும் இல்லை, அவ்வளவுதான் தெரியும். திரும்பிப் போகிற அன்று, நான் சாவியைப் போட்டதும் அவனே ஓடிப்போய் நான்கு கதவையும் திறந்துவிட்டு, மணியைப் பார்த்தபடி நின்றான். நான் ஏறப் போனேன்.

"அப்பிச்சி, இன்னும் ரெண்டு நிமிசம் ஆகல" என்றான்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டால், பாதி வேலை முடிந்தது.